பாதுகாவலர் கைப்பேசி எண்

என் மனைவி கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது, எனக்கு நாற்பத்து நான்கு. அந்த வயதில் ஒருவன் கட்டிய பெண்டாட்டியைப் பார்த்துப் பொறாமைப்படுவானா என்று கேட்டால், படுவான். நான் பட்டேன். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன் எனக்கு முன்னால் கார் வாங்கியபோதுகூட வயிறு இப்படி எரிந்ததில்லை.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனையூரில் எங்கள் வீட்டு வாசல் சுவரில் ஒரு கருப்பு கிரானைட் கல் பதித்திருக்கிறது. அதில் தங்க எழுத்தில் என் பெயர், பக்கத்தில் பி.காம். நான் பி.காம். படித்தது உண்மை. முடித்ததில்லை. புள்ளியியல், அடக்கவிலைக் கணக்கு, கம்பெனிச் சட்டம் என்று மூன்று பேப்பர் அரியர். ஐந்து தடவை எழுதினேன், ஐந்து தடவையும் ஊற்றிக்கொண்டது. ஆறாவது தடவைக்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. எப்படியும் பையன் எழுதிவிடுவான் என்று அப்பா பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே பி.காம். போட்டுவிட்டார். மணமகள் பெயருக்குக் கீழே போட ஒன்றும் இல்லை. வெறுமையாகத் தெரிகிறதே என்று அச்சகக்காரர் அந்த இடத்தில் ஒரு சின்னப் பூவை வைத்துவிட்டார்.

அந்தப் பூவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். எழுமலைக்குப் பெண் பார்க்கப் போன அன்று, அவளுடைய அப்பா கேசரித் தட்டோடு பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலையும் கொண்டுவந்து காட்டினார். பள்ளியிலேயே முதலாவது. கணக்குப் பதிவியலில் இருநூற்றுக்கு இருநூறு. அதே பாடத்தில் நான் வாங்கியது நூற்றுப் பதினொன்று. கேசரி எனக்கு இறங்கவில்லை. எதிரே நின்ற பெண்ணோ, டிகிரி முடித்த மாப்பிள்ளை என்று என்னை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மரியாதையை வைத்துக்கொண்டுதான் பத்தொன்பது வருஷம் ஓட்டினேன். பேங்க்கிலிருந்து கடிதம் வந்தாலும் சரி, வீட்டு வரிக்கு நோட்டீஸ் வந்தாலும் சரி, "நீங்க பி.காம்., நீங்களே பாருங்க" என்று என் கையில் கொடுத்துவிடுவாள். நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பேன்.

மகள் பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் குரூப் எடுத்த வருஷம் ஆரம்பித்தது வினை. மகளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவள், மகள் எழுந்து போன பிறகும் அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் இட்லி வைத்துக்கொண்டே சொன்னாள்.

"பசுமலைல ஒரு காலேஜ்ல மத்தியான ஷிப்ட் இருக்காம். வயசெல்லாம் பாக்க மாட்டாகளாம். நானும் சேரட்டுமா?"

"சேரேன். யாரு வேணாம்னது?" என்றேன். பேச்சோடு போய்விடும் என்று நினைத்தேன்.

"பி.காம்.தான் எழுதப்போறேன். சந்தேகம்னா வெளிய அலைய வேணாம் பாருங்க. வீட்லயே நீங்க இருக்கீக."

இட்லி விக்கிக்கொண்டது. தண்ணீரை எடுத்து அவளே கொடுத்தாள்.

விண்ணப்பத்தை மகள்தான் கைப்பேசியில் நிரப்பினாள். எங்கள் வீட்டில் கேஸ், ரேஷன், ஆதார், மகளுடைய பள்ளிக்கூடம் என எல்லாம் என் எண்ணில்தான். அதனால் மாணவியின் எண், பாதுகாவலர் எண் என்ற இரண்டு இடத்திலும் மகள் யோசிக்காமல் என் எண்ணையே போட்டாள். கல்லூரியிலிருந்து எது வந்தாலும் எனக்குத்தான் வரும். அப்போது யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவள் நடந்துகொண்டதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பைக்குள் வைத்துக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டாள். கூப்பிட்டவுடன் கிளம்ப வேண்டுமாம். சாயந்தரம் நான் வண்டியை நிறுத்துவதற்குள் "மெசேஜ் ஏதும் வந்துச்சா?" என்பாள். எனக்காக அவள் இப்படி வாசலைப் பார்த்து நின்று எத்தனை வருஷமாயிற்று என்று யோசித்தேன். அவள் காத்திருந்தது என் கைப்பேசிக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அது வந்தது. நான் கீழவெளி வீதியில் ஒரு லாரி பார்சல் ஆபீஸில் மேனேஜர். ஒரு சரக்கு ரசீதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. இடம் கிடைத்துவிட்டது. மறுநாள் மூன்று மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும். வராவிட்டால் அந்த இடம் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும்.

இரண்டு தடவை படித்தேன். சந்தோஷம் வரும் என்று ஒரு நிமிஷம் காத்துப் பார்த்தேன், வரவில்லை. மூன்று வருஷத்தில் இவள் முடித்துவிடுவாள், ஒரே மூச்சில், ஒரு அரியர்கூட இல்லாமல் முடித்துவிடுவாள் என்றுதான் தோன்றியது. அதற்கு முன்பே புள்ளியியல் புத்தகத்தை விரித்து என் முன்னால் வைப்பாள். கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ரசீதைப் பார்த்தேன்.

சாயந்தரம் வாசலில் நின்றாள்.

"வந்துச்சா?"

"இல்ல."

"சரி, நாளைக்கு வரும்" என்று உள்ளே போய்விட்டாள். அவள் சந்தேகப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

மறுநாள் மத்தியானம் ஒன்றே கால் வரை நான் ஒன்றும் சொல்லவில்லை. மனசாட்சி உறுத்தியது, அதனால் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நடந்தது அதுவல்ல. அவளே போன் செய்தாள்.

"என்னங்க, நான் ஒரு எட்டு பசுமலைக்குப் போயி போர்டைப் பாத்துட்டு வாரேன். மெசேஜ நம்பிக்கிட்டு இருக்க முடியாது."

மாட்டிக்கொள்வேன் என்ற பயம்தான் வாயைத் திறக்க வைத்தது. "இரு, இரு. இப்பத்தான், இந்த நிமிசம்தான் வந்துச்சு. மூணு மணிக்குள்ள போகணுமாம். நீ ஆட்டோ ஏறி காளவாசல் வந்துரு, நான் வண்டில வாரேன்."

காளவாசலில் அவள் மஞ்சள் பையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். பழங்காநத்தம் தாண்டும் வரை பின்னால் உட்கார்ந்து "மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க" என்று சொல்லிக்கொண்டே என் முதுகைத் தள்ளினாள். இரண்டு நாற்பதுக்குக் கல்லூரி அலுவலகத்தில் இருந்தோம்.

கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "பொண்ணு வரலியா மேடம்?" என்றாள்.

"எனக்குத்தான்" என்றாள் என் மனைவி.

மாற்றுச் சான்றிதழை வெளியே எடுத்தபோது ஒரு சிக்கல். பத்திரமாக இருக்கட்டும் என்று அவளுடைய அண்ணன் அந்தக் காலத்திலேயே அதை லேமினேட் செய்து வைத்திருந்தார். "ஒரிஜினலை லேமினேட் பண்ணக்கூடாது மேடம், இதுல எங்க சீல் வைக்கிறது?" என்று அந்தப் பெண் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. போகட்டும், நான் ஒன்றும் செய்யவில்லை, பிளாஸ்டிக் செய்தது என்று நிம்மதியானேன். அதற்குள் உள்ளேயிருந்து வந்த பெரியவர் ஒருவர், "அந்தக் காலத்து ஆளுக எல்லாம் இதைத்தாம்மா பண்ணி வச்சிருக்காக" என்று சிரித்து வாங்கிக்கொண்டார். குளிர்ச்சி போய்விட்டது.

அந்தப் பெண் சும்மா இருந்திருக்கலாம். "கடைசி நேரத்துல வந்துட்டீங்க மேடம். நேத்து பதினோரு மணிக்கே எல்லாருக்கும் ஒண்ணா மெசேஜ் போட்டுட்டமே" என்றாள்.

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"பாதுகாவலர் இதுல எழுதிக் கையெழுத்துப் போடணும் சார்." ஒரு தாளை நீட்டினார்கள். பெயர், தொழில், கல்வித் தகுதி. மேலே சொன்ன விவரங்களில் எது பொய்யானாலும் சேர்க்கை ரத்து செய்யப்படும் என்று கீழே ஒரு வரி. கல்வித் தகுதி என்ற இடத்தில் என் பேனா நின்றது. பக்கத்தில் அவள் மூச்சு விடுவது கேட்டது. பொய் எழுதி, அதனால் இவள் இடம் போனால் என்ற பயம் ஒரு பக்கம். ஒரே நாளில் இரண்டாவது தடவை மாட்டிக்கொள்ளத் தெம்பில்லாதது இன்னொரு பக்கம். 'பிளஸ் டூ' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் படித்தாள்.

பிறகு அந்தப் பெண்ணிடம், "என் நம்பர்னு போட்டிருக்கிறதை மாத்தணும்மா" என்று தன்னுடைய எண்ணைச் சொன்னாள்.

"பாதுகாவலர் நம்பர் அப்படியே இருக்கட்டுமா மேடம்?"

கொஞ்சம் யோசித்தாள். "இருக்கட்டும்."

திரும்பி வரும்போது கூடல் நகர் ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது கேட்டாள். "எத்தன பேப்பரு?"

"மூணு."

"பத்திரிகைல போட்டிருந்துச்சே."

"அது எங்கப்பா போட்டது."

"சரி. பத்திரிகைல மாமா போட்டாரு. வாசக் கல்லுல?"

கேட் திறந்துவிட்டது. பின்னாலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்தது. வண்டியை எடுத்தேன்.

அவள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகு நான் பட்ட பாட்டை யாரிடமும் சொன்னதில்லை. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு நிற்பாள். வகுப்பில் சின்னப் பிள்ளைகள் எல்லாம் அக்கா, அக்கா என்று சுற்றுகிறார்களாம், ஆசிரியைகூட இவளைவிடச் சின்னவளாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இதெல்லாம்தான் தொட்டுக்கொள்ள. என் ஆபீஸில் அன்றைக்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. பார்சல் ஆபீஸில் என்ன நடக்கும், பார்சல்தான் நடக்கும். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

இரண்டாம் செமஸ்டரில் புள்ளியியல் வந்தது. என்னிடம் ஒரு சந்தேகம்கூட கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அதிகம் வலித்தது. ஒரு நாள் அவள் இல்லாத நேரத்தில் நோட்டைத் திருட்டுத்தனமாகப் பிரித்துப் பார்த்தேன். நான் ஐந்து தடவை முட்டி மோதிய கணக்குகள் அடித்தல் திருத்தல் இல்லாமல் கட்டம் கட்டமாக இறங்கின. உள்தேர்வுத் தாளையும் அதற்குள் மடித்து வைத்திருந்தாள். இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு. குறைந்த அந்த ஒரு மதிப்பெண் எங்கே போனது என்று நின்றபடியே தேடிக் கண்டுபிடித்தேன். அதைக் கண்டுபிடித்த பிறகுதான் உட்கார்ந்தேன். இப்படிப்பட்ட ஆள் நான்.

அதற்கு அடுத்த வாரம் என் கைப்பேசிக்குக் கல்லூரியிலிருந்து ஒரு செய்தி வந்தது. தங்கள் பிள்ளை இன்று வகுப்புக்கு வரவில்லை என்று பெற்றோர்களுக்குப் போகும் செய்தி.

வீட்டிலிருந்து அவள் எப்போதும்போல் கிளம்பினாள் என்று, படிப்பு விடுமுறையில் வீட்டில் இருந்த மகள் சொன்னாள். அவளைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். எங்கே போயிருப்பாள், யாரோடு போயிருப்பாள், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று மனது எங்கெங்கோ போய் வந்தது. ஒரு நாள் மறைத்த நான், அவள் ஒரு மத்தியானம் சொல்லாமல் போனதற்குத் துள்ளிக் குதித்தேன். ஆபீஸில் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, வாசலில் அந்தக் கிரானைட் கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன். மெசேஜ் வந்ததா என்று கேட்க அவள் நிற்பாளே, அதே இடம்.

ஆறு மணிக்கு வந்தாள். கையில் மஞ்சள் பை.

"எங்க போன?" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"யுனிவர்சிட்டிக்கு. தேர்வு ஆபீசுல அம்புட்டு கூட்டம், போனை எடுக்க முடியல." செருப்பைக் கழற்றினாள். "பழைய அரியர் ஆளுகளுக்கு இன்னொரு தடவ எழுத விடுறாகளாம். இதுதான் கடைசியாம். எங்க மிஸ்ஸு சொன்னாக. உங்க பழைய ஹால் டிக்கெட்டு எல்.ஐ.சி. பேப்பரோட கெடந்துச்சு, அதுல இருந்து ரிஜிஸ்டர் நம்பரை எடுத்துக்கிட்டேன்."

பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தாள். மூன்று பேப்பரின் பெயரும் அவளுடைய சுத்தமான கையெழுத்தில் இருந்தன. எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. எனக்கு வராத பாடத்தை எனக்காக எழுதிக் கொடுக்கவும் இவளுக்குத்தான் வருகிறது என்று அப்போதும் வெந்தேன். வெந்துகொண்டேதான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். என் பெயர், என் அப்பா பெயர், ஆனையூர் முகவரி எல்லாம் சரியாக இருந்தது. கைப்பேசி எண் என்ற இடத்தில் அவளுடைய எண் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினாள்.

"மெசேஜ் வந்தா நான் சொல்றேன்" என்றாள். "வந்த அன்னைக்கே சொல்லிர்றேன்."