கீழே பெயர் எழுதச் சொன்னவர்

செய்தி எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஊட்டி பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். பூங்கொடி மேடம் கோவை மருத்துவமனையில் காலையில் இறந்துவிட்டார். கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக. நானும் ஒன்று போட்டேன். பிறகு அழித்தேன்.

இரங்கல் கூட்டத்தில் அவரை இனிமையானவர் என்றார்கள். அவருடன் வேலை பார்த்த எங்களுக்குத் தெரியும், அவ்வளவு இனிமையானவர் அல்ல. விடைத்தாள்களைத் தாமதமாகத் திருப்பித் தருவார். கூட்டங்களில் குறுக்கே பேசுவார். அவர் வகுப்பில் மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. மாணவர்கள் கட்டுரைகளை மாற்றிக்கொண்டு படிக்க வேண்டும். "படிக்கறப்ப எங்க நின்னீங்களோ அதை எழுதுங்க. அப்புறம் ஒரு கேள்வி. கீழ பேரு." அவ்வளவுதான்.

நான் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த முதல் வருடம் இதை என் வகுப்பிலும் செய்தேன், ஒரு மாற்றத்துடன். பெயர் எழுத வேண்டாம் என்றேன். அப்போதுதான் மனம் திறந்து எழுதுவார்கள் என்று நினைத்தேன்.

மஞ்சூரிலிருந்து வந்த ரஞ்சனி, எஸ்டேட் குடியிருப்பில் காட்டெருமை வந்து நின்ற காலையைப் பற்றி எழுதியிருந்தாள். அன்று அவள் தேர்வுக்குப் போக முடியவில்லை. அவளுக்கு வந்த சீட்டில் ஒரே வரி: 'இது கட்டுரையா, லீவ் லெட்டரா?' பக்கத்தில் இருந்தவள் அதை உரக்கப் படித்துவிட்டாள். வகுப்பு சிரித்தது. மறுநாள் ரஞ்சனி வரவில்லை. அதற்கு மறுநாளும். கல்லூரியை விட்டுவிட்டு தேயிலை ஃபேக்டரி வேலைக்குப் போகப் போகிறாள் என்று தோழி சொன்னாள்.

சீட்டை எழுதியவனைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று பூங்கொடி மேடத்திடம் போனேன். அவர் ரஞ்சனியின் கட்டுரையை வாங்கிப் பார்த்தார்.

"பேர் போடாம எழுதச் சொன்னது நீங்கதானுங்க சார். அவனை விடுங்க. கடைசில 'நன்று'ன்னு போட்டது யாரு?"

"நான்தான் மேடம்."

"எத்தனை பேருக்குப் போட்டீங்க?"

எல்லோருக்கும்.

"ஏனுங்க சார், இதைப் படிச்சீங்களா?"

படிக்கவில்லை. முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் பார்த்திருந்தேன்.

அன்று மதியம் படித்தேன். நல்ல கட்டுரை. நடுவில் ஓரிடத்தில் நின்றுவிட்டேன்: அவள் தம்பியின் வாயைப் பொத்தித் தூக்கிக்கொள்ளும் இடம். அதை எழுதி, மூன்று கேள்விகள் சேர்த்து மேடத்திடம் காட்டினேன். அவர் மூன்றாவதைப் பென்சிலால் அடித்தார்.

"இது கேள்வி இல்லீங்க. நீங்களா இருந்தா எப்படி முடிப்பீங்கன்னு அந்தப் புள்ளைகிட்டச் சொல்றீங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் எடுத்துவிட்டேன். குறிப்பின் கீழே என் பெயரை எழுதி, தோழியிடம் கொடுத்து மஞ்சூருக்கு அனுப்பினேன். முதல் கேள்வி: எருமை நின்றபோது நீ வீட்டுக்கு உள்ளே இருந்தாயா, வெளியிலா?

திங்கட்கிழமை ரஞ்சனி வந்தாள். என்னைப் பார்க்காமல் மேசையில் ஒரு தாளை வைத்துவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போனாள். வெளியில்தான் நின்றிருக்கிறாள். அவளுக்கும் வீட்டுக்கும் நடுவில் எருமை. முதல் கட்டுரையில் அது இல்லை.

மேடத்திடம் சொன்னேன். "அப்படிங்களா" என்றார். தேநீரைக் குடித்து முடித்தார்.

பிறகு ஆறு ஆண்டுகள் நான் எழுதிய குறிப்புகளை அவர் அவ்வப்போது வாங்கிப் படித்தார். பாராட்டியதாக நினைவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, என் குறிப்பையும் ஒருவர் படித்துக் கேள்வி கேட்பார் என்ற கூச்சம். இப்போது கேட்க ஆளில்லை. அதனால் போன வாரம், நான் எழுதிய குறிப்புகளுக்கு மாணவர்களையே குறிப்பு எழுதச் சொன்னேன். கீழே பெயரோடு.

ஒரு தாளில் இப்படி இருந்தது: 'மூணாம் பக்கம் வரைக்கும் குறிப்பு எழுதியிருக்கீங்க சார். நாலாம் பக்கம் படிச்சீங்களா? – தினேஷ்.'

அவனுடைய கட்டுரையைத் திரும்ப வாங்கி வந்திருக்கிறேன்.