பவுண்டரியின் இரண்டாம் இடம்

ஸ்டெல்லா மேரி அம்மையார் காலமான செய்தியை, ஸ்ரீரங்கத்தில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த என்னிடம் டிரைவரே இறங்கி வந்து சொன்னார். பாலக்கரையில் அம்மையார் ஏறும் இடத்தில் பஸ் வழக்கம்போல் நின்றது. யாரும் ஏறவில்லை.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவு தொடங்கியபோது நானும் அவரும் சேர்ந்தோம். வேண்டியதை எழுதித் தராமல் வாயால் சொல்லிவிட்டுப் போகும் அதிகாரிகளை அவருக்கு ஆகவே ஆகாது. "கேட்டதுக்குத்தான் சார் பதில் வரும். மனசுல நினைச்சதுக்கு வராது" என்பார்.

சில ஆண்டுகள் கழித்து, ஒவ்வொரு ஷாப்பிலும், அதாவது தொழிற்கூடத்திலும், தேர்வில் முதல் இரண்டு இடம் பெற்றவர்களை வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்புவதென்று முடிவானது. போய் வந்தால் பதவி உயர்வு நிச்சயம். எங்கள் கம்ப்யூட்டர் பிரிவில் ஒருவர் எல்லாரையும் மதிப்பெண்படி ஒன்றாக அடுக்கி, மேலே இருந்தவர்களை எடுத்துக் கொடுத்தார். மெஷின் ஷாப்காரர்களே பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். இரும்பு வார்க்கும் பவுண்டரியிலிருந்து ஒருவர்கூட இல்லை.

அம்மையார் அதை மாற்றி எழுதினார். ஒவ்வொருவருக்கும், அவருடைய ஷாப்பிலேயே அவரைவிட அதிகம் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று கம்ப்யூட்டர் எண்ண வேண்டும். இரண்டு பேருக்குக் குறைவென்றால் அவர் தேர்வு. இப்போது எல்லா ஷாப்பும் வந்தன. பவுண்டரியில் மட்டும் மூன்று பெயர். இரண்டாம் இடத்தில் இருவர் ஒரே மதிப்பெண். அதில் ஒருவர் ஆரோக்கியம், அம்மையாரின் தம்பி.

"ரெண்டு சீட்டுதாம்மா. ஒரு பேரைத் தூக்கிடுங்க" என்றார் பயிற்சிக்குப் பொறுப்பான அதிகாரி.

"இந்த ரெண்டு பேருக்கு மேலயும் ஒருத்தர்தான் சார் இருக்காரு. யாரைத் தூக்கணும்னு விதி எழுதிக் கொடுங்க. ஒருத்தன் என் தம்பி. அதனால நான் வாய் திறக்க மாட்டேன்."

பணி மூப்புப்படி என்று எழுதித் தந்தார் அதிகாரி. ஆரோக்கியம் பணியில் இளையவர். அம்மையார் அந்த விதியையும் சேர்த்து மறுபடி ஓட்டினார். தம்பியின் பெயர் போனது. பிறகு எங்களோடு காபி குடிக்க வந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மூன்று பேரையும் அனுப்பியிருப்பார்கள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆரோக்கியம் அதன்பின் அக்கா வீட்டுப் படியேறவில்லை.

நேற்று கல்லறையில் ஆளுக்கொரு பிடி மண் போட வரிசையில் நின்றோம். ஆரோக்கியம் கடைசியில் நின்றார்.

"கூடப் பிறந்தவர் நீங்க, முன்னாடி வாங்க" என்றேன்.

"வேண்டாம் சார். அக்கா விட்டிருக்காது."

அவர் முறை வந்தபோது, மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

போய் வாருங்கள், அம்மா. தம்பி வந்துவிட்டார்.