வலிப்பு என்றுதான் நினைத்தோம்

மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தபோது என் தம்பி விழுந்தான். பந்தை அடிக்க எம்பியவன் தரைக்கு வந்ததும் நிற்கவில்லை. வழுக்கிவிட்டான் என்று எதிரணிப் பையன்கள் சிரித்தார்கள். அப்புறம் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. "வலிப்புடா, இரும்பு குடுங்கடா" என்று யாரோ கத்தினார்கள்.

எங்கள் பக்கத்தில் வலிப்பு என்றால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும். வேறு வைத்தியம் யாருக்கும் தெரியாது. ஓரமாக நின்று ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த நான் ஓடிப்போய் அவன் தலையை மடியில் ஏந்திக்கொண்டேன். அதற்குள் அவன் உள்ளங்கை நிறையச் சாவிகள். பைக் சாவி, டிராக்டர் சாவி, கோயில் பூட்டின் சாவி. வயலிலிருந்து ஓடி வந்த அப்பா, இடுப்பில் செருகியிருந்த மோட்டார் கொட்டகைச் சாவியையும் எடுத்து வைத்து, அவன் விரல்களை மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தொண்டையிலிருந்து குறட்டை போல ஒரு சத்தம் விட்டு விட்டு வந்தது. "மூச்சு இருக்கும்மா, இப்ப எழுந்திருச்சிடுவான்" என்றார்கள். நம்பிக்கொண்டு காத்திருந்தோம். அந்தச் சத்தமும் நின்ற பிறகுதான் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பாபநாசம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

இருபது வயதுப் பிள்ளை. காய்ச்சல் என்று ஒரு நாள் சுருண்டு படுத்ததில்லை. காலையில் அவனை எழுப்புவதற்குத்தான் ஆள் வேண்டும்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஒவ்வொருவராகச் சாவி கேட்டு வந்தார்கள். "தப்பா நெனைக்காத தங்கச்சி, அறுப்பு நிக்குது" என்று டிராக்டர்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அதை மூஞ்சியிலேயே விட்டெறிந்திருப்பேன். ஆனால் தம்பியின் பெட்டியைச் சுமந்ததும் அவர்தான். கையில் கொடுத்து அனுப்பினேன்.

பிரேதப் பரிசோதனையின் முடிவைக் கேட்கத் தஞ்சாவூருக்கு நானும் அப்பாவும் போனோம். "இது வலிப்பு இல்லம்மா" என்றார் டாக்டர். "இதயத் தசை தடிச்சிருக்கு. குதிச்சு ஆடுறப்ப துடிப்பு தாறுமாறாகி நின்னுபோயிருக்கு. மூளைக்கு ரத்தம் போகாமத்தான் அப்படி இழுத்திருக்கு." நெஞ்சை அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டேன். "ஒருவேளை" என்றார். அந்த ஒரு வார்த்தையை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. அத்தனை பேர் சுற்றி நின்றோம். எல்லாருடைய கையும் அவன் கையில் இருந்தது, ஒரு கைகூட நெஞ்சில் இல்லை.

குடும்பத்தில் வரக்கூடிய நோய், நீங்கள் மூன்று பேரும் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்றும் அவர் சொல்லியிருந்தார். அம்மா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பட்டுக்கோட்டையில் எனக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள்.

"எடுத்துப் பாத்து ஏதாச்சும் இருக்குன்னு வந்தா உன்னை எவன்டி கட்டுவான்?"

"இருக்கறது தெரியாமலே நானும் செத்துட்டா?"

"வாயைக் கழுவுடி" என்று அடிக்க வந்தாள்.

அம்மாவுக்கு டாக்டர் சொன்ன காரணம் போதவில்லை, பழி சுமத்த ஆள் வேண்டியிருந்தது. முக்குக்கடைப் பரோட்டா என்பாள். வெயிலில் ஆடக் கூப்பிட்ட பையன் என்பாள். பெயர் பெயராகச் சபிப்பாள். எனக்கோ மாடிப்படி ஏறினால்கூடப் பயம். நெஞ்சு அடிப்பதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். கடைசியில் அப்பாவுக்குத்தான் மனது கேட்கவில்லை. கல்யாணப் பத்திரிகை மாடல் பார்க்கப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், அன்று காலை சாப்பாட்டைக்கூடத் தொடவில்லை.

எனக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வந்தது வந்தாச்சு, எனக்கும் ஒண்ணு எடுத்துடுங்க" என்றார்.

"நெல்லு மூட்டை தூக்குற ஆளுக்கு என்னப்பா வரப்போவுது?" என்று கேலி செய்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

அப்பாவின் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்த பெண் முதலில் பேசிக்கொண்டேதான் இருந்தாள். பாதிப் பேச்சில் எழுந்துபோய் டாக்டரை அழைத்து வந்தாள்.

தம்பிக்கு இருந்த அதே தடிப்பு. அப்பா சட்டைப் பொத்தானைப் போட மறந்து உட்கார்ந்திருந்தார்.

"அப்ப என்கிட்டேருந்துதான் புள்ளைக்குப் போயிருக்கா?"

"இதுல உங்க தப்பு எதுவும் இல்லைங்க."

"எனக்கு ஒண்ணும் ஆவலியே சார். இத்தனை வருசம் மூட்டை தூக்கியிருக்கேன். அவனுக்கு மட்டும் ஏன்?"

சிலருக்கு அப்படித்தான் என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்து, இனிமேல் கடினமான வேலை எதுவும் கூடாது என்றார்.

அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று பஸ்ஸில் வழி நெடுகக் கெஞ்சினேன். அவள் நாக்கு எனக்குத் தெரியும். அப்பா வெளியே நடவு வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பத்திரிகை பாத்தாச்சா?" என்று வாசலிலேயே கேட்டாள் அம்மா.

"ஆஸ்பத்திரிக்குப் போனோம். பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல, எனக்குத்தான் இருக்கு" என்றார் அப்பா. "யாரையும் திட்டாத. பரோட்டாவும் இல்ல, வெயிலும் இல்ல. நான்தான் அவனுக்குக் குடுத்திருக்கேன்."

அம்மா அவரைப் பார்த்தபடி நின்றாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், சுவரில் சாய்த்திருந்த மம்பட்டியை எடுத்தார் அப்பா. அன்று எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. அம்மா நேராக வந்து அவர் கையிலிருந்து மம்பட்டியை வாங்கிக்கொண்டாள்.

"ஒக்காருங்க. மடையை நான் போய்த் தெறந்துட்டு வரேன்."

வயலுக்குப் போக அந்த மைதானத்தைத் தாண்ட வேண்டும். தம்பி போனதிலிருந்து அம்மா அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

"நீ ஏன்டி வர்ற?" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "வீட்டுக்குப் போ. அவரைத் தனியா விடாத."