விலை கேட்காத கணக்குப்பிள்ளை

கொச்சி கண்டவனுக்கு அச்சி வேண்டாம் என்பார்கள். அச்சி என்றால் பெண்டாட்டி. என் வீட்டுக்காரர் கொச்சியிலேயே பிறந்ததாலோ என்னவோ, என்னை விட்டுப் போக அவருக்கு மனமில்லை. ஆனால் வளைகுடா விசா எந்த வாரமும் வரலாம். அதற்குள் என் டேட்டாபேஸ் புரோகிராமை ஒரு கடையாவது வாங்கினால் போகமாட்டேன் என்றிருந்தார்.

எண்பதுகளில், புத்தகத்தைப் பார்த்து நானே கற்று எழுதியது அது. என்ன சரக்கு, யாருடையது, என்ன விலை என்று சேர்த்துவைத்து, கேட்டால் எடுத்துக் கொடுக்கும். சுள்ளிக்கல்லில் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வருவார் இவர், தடுப்பூசிக்குப் போகும் பிள்ளையைப் போல. அரிசி மண்டியில் சிரித்தார்கள். துணிக்கடையில் சாயா கொடுத்து அனுப்பினார்கள். "சாயா கிடைச்சுதே, பாதி வியாபாரம் முடிஞ்சது" என்பார் இவர்.

கடைசியில் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுத் தரகர். தமிழர்தான்.

"விலைன்னு ஒரு கட்டம் இருக்கே, மோளே?"

"அதை நிரப்பினாத்தான் அடுத்ததுக்குப் போகும், அண்ணாச்சி."

தோள்துண்டை எடுத்து மானிட்டர்மேல் போட்டு மூடினார். அந்த பஜாரில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். எனக்கும் தெரியும், கட்டம் போடும்போது தோன்றவில்லை.

"துண்டுக்குள்ள பேசினது துண்டோட போகணும். வாய் பொத்தத் தெரியாத கணக்குப்பிள்ளையை யாரு வைப்பா?"

நாங்கள் மூட்டை கட்டும்போது ஒருவர் வந்து, காட்டிய மிளகு வேறு, வந்த மிளகு வேறு என்று சண்டை பிடித்தார். தரகர் மாதிரிப் பொட்டலங்கள் குவிந்த அலமாரியைக் கலைத்துப் போட்டார். அவருக்குக் காட்டிய அந்த ஒரு பொட்டலம் மட்டும் அகப்படவில்லை. வந்தவர் சொன்னதற்குத் தலையாட்ட வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்து விலைக் கட்டத்தைத் தூக்கினேன். அந்த இடத்தில், பொட்டலம் எந்தத் தட்டு, எந்த வரிசை என்று வைத்தேன். மறுவாரம் தரகரின் அலமாரிப் பொட்டலங்கள் முழுவதையும் புரோகிராமில் ஏற்றிக் காட்டினோம். அவர் ஒரு வியாபாரி பேரைச் சொன்னார். திரை தட்டைச் சொன்னது. இவர் அந்தத் தட்டில் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார்.

"விலை கேக்காதா?"

"கேக்காது."

"அப்போ எனக்கும் ஒரு மெஷின் வாங்கி இதைப் போட்டுக் குடு. பக்கத்துக் கடைக்காரனும் பொட்டலம் தொலைக்கிறவன்தான், அங்கேயும் போங்க."

அந்த வாரமே விசாவும் வந்துவிட்டது. சொன்ன சொல் சொல்தான், ஆனாலும் விசா விசாதானே. என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். தன் தோள்துண்டை என் கைமேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்தார். எத்தனை விரல் என்று சொல்லமாட்டேன், அது துண்டோடு போகட்டும்.

மறுநாள் காலை, மானிட்டர் அவர் மடியில். ஆட்டோ தரகரின் பக்கத்துக் கடைக்குப் போனது.