பட்டியலில் இருந்த லொறி

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. தங்கச்சியின் கணவர் ரவி காலையிலேயே ஃபோன் எடுத்தார்.

"அக்கா, ஒரு சாமான் தெரிவு செய்யவேணும். ஒருக்கா கராஜுக்கு வாறீங்களோ?"

தெரிவு செய்வதென்றால் என்னைக் கூப்பிடாமல் வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? எங்கள் குடும்பத்தில் திரைச்சீலையிலிருந்து கலியாண மண்டபம் வரை நான் கைகாட்டியதுதான். சிரிக்காதீர்கள்... உங்களில் சிலரும் என்னிடம் யோசனை கேட்டு எழுதியவர்கள்தானே!

ரவியின் கராஜ் உப்புவெளியில் இருக்கிறது. மேசையில் இரண்டு விளம்பரப் புத்தகங்கள். இரண்டும் ஆங்கிலம். அதனால்தான் அழைப்பு என்று புரிந்தது.

விஷயம் இதுதான். இப்போதைய வாகனங்களில் எஞ்சினுக்கென்று ஒரு மூளைப் பெட்டி இருக்கிறது. ஈசியூ என்கிறார்கள். எவ்வளவு டீசல், எந்த நேரத்தில் என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கிறது. அந்தப் பெட்டிக்குள் இருப்பதை லப்டொப்பில் வாசித்து, திருத்தி, மறுபடியும் உள்ளே எழுதுவதற்கு ஒரு டூல் வேண்டும். சரியாக எழுதினால் வண்டி நன்றாக இழுக்கும். பிழையாக எழுதினால்? பெட்டி செத்துவிடும். வாகனம் ஸ்டார்ட்டே ஆகாது.

இரண்டு புத்தகமும் கொழும்பில் இரண்டு வேறு கடைகள் விற்கிற டூலுக்கானவை. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றின் புத்தகத்தில் வாகனப் பட்டியல் பக்கம் பக்கமாக ஓடியது. மற்றதில் ஒன்றரைப் பக்கம்.

இதிலே யோசிக்க என்ன இருக்கிறது? நீளமான பட்டியலில் விரலை வைத்தேன்.

"இதுதான். உலகத்து வாகனம் முழுக்க இதுக்குள்ள கிடக்கு."

ரவி தலையைச் சொறிந்தார். அவர் ஒரு நட்டைக் கழற்றுவதற்கு முன்பும் அப்படித்தான் சொறிவார். ஆகவே நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து நிஸாம் நானாவின் லொறி கரும்புகையோடு வந்து நின்றது. குறிஞ்சாக்கேணிக்காரர்; எல்லாருக்கும் நானா, அதாவது அண்ணன். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏற்றி, ஐஸ் போட்டு, கண்டிக்குக் கொண்டுபோகிறவர். இருப்பது அந்த ஒரு லொறிதான். முந்தின கிழமை மாத்தளை தாண்டி வரும் ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் நின்று, ஐஸ் உருகி, மீன் பழுதாகிவிட்டது. இன்னொரு முறை அப்படி நடந்தால் வேறு லொறி பார்ப்போம் என்று படகுக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம்.

"ரவி தம்பி, புதுச் சாமான் வந்தா மொத வேல என்ட லொறிதான். கொஞ்சம் பவர் ஏத்தித் தாங்க."

ரவியிடம் இருந்த பழைய ஸ்கேனர் அந்த எஞ்சினோடு கதைக்கவே மறுத்திருந்தது. எல்லா நம்பிக்கையும் புது டூலில்தான்.

நான் எழுந்துபோய் லொறியின் கதவில் இருந்த பெயரை வாசித்தேன். திரும்பி வந்து பட்டியலைப் புரட்டினேன். இருந்தது! அதே பெயர், அதே வருடம். உரத்து வாசித்துக் காட்டினேன். நிஸாம் நானா வாயைத் திறந்தார்... பிறகு மூடிக்கொண்டார். சந்தோஷம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஆனாலும் ரவி இரண்டு கடைக்கும் ஒரு மெசேஜ் அனுப்பினார். லொறியின் பெயரைப் போட்டு, செய்ய ஏலுமா என்று கேட்டிருந்தார்.

நீளப் பட்டியல்காரர் ஒரு நிமிடத்தில் பதில் போட்டார் – "ஆல் ஓகே அண்ணே, எல்லாம் செய்யலாம்."

மற்றவரிடமிருந்து பதில் வரவில்லை. கேள்விதான் வந்தது. பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்து அனுப்பவும். எஞ்சின் வண்டியோடு வந்ததா, மாற்றியதா?

எனக்கு எரிச்சல் வந்தது. சாமான் விற்கிறவர் இப்படியா சுங்கப் பரிசோதனை செய்வார்? "விடுங்கோ ரவி, மற்றதுக்கே ஓடர் குடுங்கோ," என்றேன்.

நிஸாம் நானா மெதுவாகச் சொன்னார்.

"எஞ்சின் மாத்தினதுதான், மிஸ். ஹாஃப்கட்டில எடுத்த."

இந்த ஊரில் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஜப்பானில் பழைய வாகனத்தை நடுவில் வெட்டி, முன்பாதியை மட்டும் இங்கே இறக்குவார்கள். அதிலிருந்து எஞ்சினைக் கழற்றி நம்முடைய வண்டிக்குள் வைப்பார்கள். பெட்டியும் வயரும் அதோடு சேர்ந்தே வரும். கதவில் ஒரு பெயர், உள்ளே வேறொரு எஞ்சின். நம்முடைய வீதியில் ஓடும் பழைய லொறிகளில் எத்தனையோ இந்த வகைதான். எனக்கும் தெரியும். தெரிந்தும் கதவைத்தான் வாசித்தேன்!

ரவி லொறியின் சீட்டைத் தூக்கி, பெட்டியின் லேபிளைத் துடைத்துப் படம் எடுத்தார். கதவுக்கும் அதற்கும் ஒரு சொந்தமும் இல்லை. நான் காட்டிய வரியை நம்பி எழுதியிருந்தால் அந்தப் பெட்டி அங்கேயே செத்திருக்கும். ஒரு மனுசனின் ஒரே லொறி... என் ஒரு விரலால்.

படத்தைப் பார்த்துவிட்டுச் சின்னப் பட்டியல்காரர் எழுதினார் – இந்தப் பெட்டியை எங்கள் டூலால் வாசிக்க முடியும். எழுத முடியாது. எழுதலாம் என்று யாராவது சொன்னால் கவனம்.

ரவி இந்தத் தடவை தலையைச் சொறியவில்லை.

"அக்கா, நான் இதைத்தான் எடுக்கப்போறன்."

"நானாட லொறிக்கு ஏலாதெண்டு சொல்லுறாரே?"

"அதுதான் எடுக்கிறன். ஏலாததை ஏலாதெண்டு சொல்லுற ஆள், ஏலுமெண்டா நம்பலாம்."

நிஸாம் நானாவின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப என்ட லொறி?"

"வாசிக்க ஏலுமெல்லோ, நானா. வாசிச்சுப் பாப்பம். அதுவரைக்கும் லோட் ஏத்தாதேங்கோ."

புதன்கிழமை கொழும்பு பஸ்ஸில் டூல் வந்தது. நானும் போனேன். விரல்களைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். ரவி வயரைக் கொளுவி, நானாவைப் பெடலை மிதிக்கச் சொன்னார். லப்டொப்பில் எண்கள் ஏறின. ஒரு எண் மட்டும் பாதியில் நின்றது. எஞ்சினுக்குள் போகிற காற்றின் அழுத்தமாம் அது.

ரவி டோர்ச்சோடு லொறிக்கு அடியில் போனார். ஐந்து நிமிடம். கறுப்பு ரப்பர்க் குழாய் ஒன்றோடு வெளியே வந்தார். அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. சும்மா பார்த்தால் தெரியாது, காற்று ஏறினால் வாய் திறக்கும்.

"நானா, உங்கட லொறிக்குப் பவர் ஏத்தத் தேவையில்ல. இருக்கிற பவர் இதுக்குள்ளால போகுது."

ஒரு குழாய் மாற்றினார். அவ்வளவுதான்! ஆசையோடு வாங்கிய டூலில் முதல் வேலை – ஒரு எழுத்தும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நிஸாம் நானா கண்டியிலிருந்து ஃபோன் எடுத்தார். முழு லோட். ஏற்றத்தில் நிற்கவே இல்லையாம். ஐஸ் அப்படியே இருந்ததாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் தவறால் இன்னொருவர் கெடாமல் தப்பினால் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அது தனி.

எல்லாம் கேட்டுவிட்டு, மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"நானா, நான் கதவை வாசிக்கேக்கையே எஞ்சின் மாத்தினதெண்டு ஏன் சொல்லயில்ல?"

மறுமுனையில் சிரிப்பு.

"நீங்க இங்கிலீஸ்ல வாசிச்ச வேகத்தப் பாத்து, என்ட லொறிய எனக்கே தெரியா போல எண்டு நெனச்சிட்டன், மிஸ்."

அச்சுக்குப் போகும் முன் இந்தப் பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். மெதுவாகத்தான் வாசித்தேன். இரண்டு இடத்தில் திருத்தினார்.