நல்ல தோளில் நான்கு கோடுகள்

1938 ஏப்ரல் 11, காலை ஏழு மணி ஐம்பது நிமிடம். காற்று அசையவில்லை, அந்நேரத்துக்கே ஆஸ்பத்திரி முற்றத்து மணல் சுட்டது. ராசிபுரம் பக்கத்து மாட்டாஸ்பத்திரி ஒன்றில் நான் கம்பவுண்டர். சம்பளம் இருபத்தெட்டு ரூபாய். மாதத்துக்கு நானூறு மாடு வந்தால், குதிரை ஐந்தோ ஆறோ வரும்.

அன்று வந்தது ஜட்காவில் பூட்டும் பெட்டைக் குதிரை. இடது முன்னங்காலைத் தரையில் ஊன்றவில்லை. இடது தோளில் கட்டைவிரல் அகலத்தில் நான்கு தீக்கோடுகள், தோல் வெந்து பிளந்திருந்தது.

“யாரய்யா இந்த வேலை பார்த்தது?”

“வெண்ணந்தூர்ல சூடு போடறவருங்க,” என்றார் வண்டிக்காரர். “தோள்ல வாயு எறங்கிருச்சுன்னாருங்க. நாலு நாளாச்சு, இன்னும் நொண்டுதுங்க சாமி.”

“லாடம் அடித்து எத்தனை நாள்?”

“ஆறு நாளுங்க. மறுநாளே நொண்ட ஆரம்பிச்சிருச்சுங்க.”

லாடம் அடித்த மறுநாள் நொண்டல், அதற்கு மறுநாள் சூடு. இதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடம் போக வேண்டுமா? குளம்பைத் தூக்கி ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். மொத்தம் ஏழு. ஐந்தாவதைத் தட்டியதும் குதிரை என்னைச் சுவரோடு தள்ளியது. அதைப் பிடுங்கினேன், கூடவே கறுப்புச் சீழ் வந்தது. மாட்டுக்கு லாடம் அடித்தே பழகிய எவனோ ஆணியைச் சதையில் இறக்கியிருக்கிறான்.

பத்து மணிக்கு வந்த டாக்டர், சீரம் ஊசி போடாவிட்டால் ஜன்னி கண்டு தாடை இறுகிச் செத்துவிடும் என்றார். எங்களிடம் சீரம் இல்லை. சேலத்தில்தான் கிடைக்கும்.

“இது போச்சுன்னா வண்டி வெறகுதானுங்க. ஊட்ல ஆறு உசுருங்க,” என்றார் வண்டிக்காரர். அவரிடம் அன்று மூன்றணா இருந்தது. நானே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன்.

பதினொரு நாள். காலையும் மாலையும் குளம்பை உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, தவிட்டுப் பற்றுப் போட்டுக் கட்டினேன். இருபத்திரண்டு தடவை. பன்னிரண்டாம் நாள் குதிரை ஓடியது. வண்டிக்காரர் என்னைக் கும்பிட்டு அழுதார்.

அடுத்த வாரம் திரும்பி வந்தார். குதிரையின் வலது தோளில், நல்ல தோளில், புதிதாக நான்கு கோடுகள். புண்ணில் புழு.

“கால்தான் சரியாகிவிட்டதே!” என்று கத்தினேன்.

“ஆச்சுங்க. அதுக்குத்தானுங்க அந்த வெண்ணந்தூர்க்காரருக்குச் சேவலும் ஒரு ரூவாயும் குடுக்கப் போனேன். தொரத்துன வாயு அடுத்த தோளுக்குப் போயிரும்னு முன்கூட்டியே போட்டு உட்டாருங்க.”

“நான் பிடுங்கிய ஆணி?”

“கோவிச்சுக்காதீங்க சாமி. நீங்க காலைப் பாத்தீங்க, அவரு நோவைப் பாத்தாருங்க.”

எனக்கு இப்போது எழுபத்தாறு வயது. அந்தப் பதில் எனக்கு இன்றும் ஆறவில்லை. சேவல் அவனுக்கு! ஊறவைத்த இருபத்திரண்டு தடவையும் இந்த ஆள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

டாக்டர் புழுவை எடுத்துவிட்டு, மறுபடியும் சீரம் போட வேண்டும் என்றார். ஒரு காசு தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, குதிரையைத் தாண்டி வெளியே நடந்தேன். அது என்னைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலே, இடது முன்னங்காலைத் தூக்கி நீட்டியது.

சேலத்துக்குப் பஸ் ஏறினேன். சீரமும் பஸ் கூலியும், இரண்டு தடவையும் சேர்த்து, பத்து ரூபாய் எட்டணா.