பிள்ளையார்பட்டியில் பிடித்த வைஃபை

இதை எழுத மூன்று வருடம் கூச்சப்பட்டேன். மகள் கல்யாணம் பிள்ளையார் அருளால் முடிந்துவிட்டது. அன்று நோட்டில் குறித்ததை இப்போது அப்படியே தருகிறேன்.

தரிசனம் முடித்து, காரைக்குடி பஸ்ஸுக்காக டீக்கடையில் நிற்கிறேன். செல்லில் நெட் தீர்ந்துவிட்டது. மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் அக்கா பேஸ்புக்கில்தான் பேசுவாள். மகளின் போட்டோக்கள், ஜாதகம் எல்லாம் அந்த மெசேஜில்தான் இருக்கின்றன. பதில் வந்திருக்குமோ என்று தவிப்பு. கடைப் பெயரிலேயே இலவச வைஃபை காட்டுகிறது. தொட்டதும் பேஸ்புக் பாஸ்வேர்டு கேட்கிறது. போட்டுவிட்டேன். நெட் வரவில்லை.

"அண்ணே, உங்க வைஃபை எடுக்கலையே?"

டீ ஆற்றும் கடைக்காரர் கை நிற்கிறது. "நம்ம கடையில வைஃபையே கெடையாது ஆத்தா. எவனோ கடைப் பேர வச்சு விட்டிருக்கான். பாஸ்வேர்டு எதுவும் போட்டீகளா?"

ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.

தன் செல்லிலிருந்து நெட் தருகிறார். "ஒடனே மாத்துங்க. வேற செல்லுல தொறந்திருந்தா எல்லாத்தையும் வெளியேத்துங்க. பாஸ்வேர்டா பிள்ளையார் பேரத்தான வச்சிருந்தீக?"

"எப்படிண்ணே தெரியும்?"

"இங்க வாரவுகள்ல பாதிப் பேருக்கு அதான். திருடனுக்கும் தெரியுமுல்ல."

சாமி பெயரை அழிக்க விரல் கூசுகிறது. மகள் முகத்தை நினைத்து அழித்து, வேறு பாஸ்வேர்டு போடுகிறேன். பிள்ளையாரப்பா, கோபித்துக்கொள்ளாதே. பாஸ்வேர்டை மாற்றும் வரை போன அந்தப் பத்து நிமிடத்தில் அவள் படங்களை யார் பார்த்தார்களோ, தெரியவில்லை.

பெண்பிள்ளை உள்ள வீடுகளுக்கு இதை ஒரு சொல்லும் மாற்றாமல் அனுப்புங்கள். என் அறியாமையைக் குறைத்துச் சொல்ல வேண்டாம்.